‘என் வண்டி’ என்பது

கார் வாங்குவது, வாங்கிய காரை மாற்றியமைப்பது, அதை வைத்துக்கொண்டிருப்பது - இந்த மூன்றைப் பற்றியும் கார்ப் பிரியர்களிடம் தீர்மானமான அபிப்பிராயங்கள் உண்டு. புதிது வாங்குவதா, பழையது வாங்குவதா? எந்த எஞ்சின் உழைக்கும்? கம்பெனி கொடுத்தபடியே வண்டியை வைத்திருப்பதா, தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வதா? இந்த விவாதங்கள் எல்லாம் கடைசியில் ஒரே வாக்கியத்தில் போய் முட்டி நின்றுவிடுகின்றன: “என் பணம், என் வண்டி.” இதற்கு மேல் பேச்சில்லை என்ற தோரணையில் இது சொல்லப்படுகிறது. பேச்சு இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வாக்கியத்தில் பணம் புரிகிறது. வண்டியும் புரிகிறது. ‘என்’ என்ற சொல்தான் புரியவில்லை.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இதைப் படிப்பவர்களில் பலரும் பஸ்ஸில் போகிறவர்கள். நம் கதைகளிலும் கார் பெரும்பாலும் ஒரு குறியீடாகவே வந்து போயிருக்கிறது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேச’த்தில் மழையில் வந்து நிற்கும் கார் ஒரு வர்க்கம், ஒரு ஆபத்து. அந்தக் கதைக்கு அது போதும். ஆனால் காருக்கு அடியில் முதுகு தரையில் பட மல்லாந்து கிடந்து, எங்கிருந்து எண்ணெய் சொட்டுகிறது என்று தேடுகிறவனுடைய மனத்துக்குள் நாம் அதிகம் போனதில்லை. ஒரு பொருளோடு ஒரு மனிதன் கொள்ளும் உறவு என்ற அளவில், புத்தகம் சேர்ப்பவனுடைய உறவைவிட அது எந்த விதத்திலும் எளிதானதல்ல. அதில் ஒரு தார்மிகப் பிரச்னையும் இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

*

வாங்குவதிலிருந்து தொடங்கலாம். சட்டப்படி அது ஒரு கணத்தில் முடிந்துவிடும் காரியம். பணம் கைமாறுகிறது, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் ஏறுகிறது. வாங்கியவனின் மனத்தில் மட்டும் அது அங்கே முடிவதில்லை. ஜான் லாக் 1689இல் வெளியான தன் நூலில், பொதுவாகக் கிடக்கும் ஒன்றோடு ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்று வாதித்தார். இந்த வாதத்தில் ஓட்டைகள் ஏராளம். யார் யாருடைய நிலங்களையெல்லாம் ‘பொதுவாகக் கிடப்பவை’ என்று ஐரோப்பியர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அதற்குள் ஒரு அனுபவ உண்மை இருக்கிறது: தன் கை படாத எதையும் மனிதன் தன்னுடையதாக உணர்வதில்லை. ஷோரூமிலிருந்து வெளியே வரும் காரில் வாங்குபவனின் கை படவே இல்லை. அவன் உழைத்துச் சம்பாதித்த பணம் அதில் இருக்கிறதே என்றால், அதே பணத்துக்கு அதே நிறத்தில் அதே வண்டி அடுத்து நிற்பவனுக்கும் கிடைக்கிறது.

நம் ஊரில் புது வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுகிறோம். பின் கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ எழுதுகிறோம். இவற்றால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆவதில்லை. பண்டமாக வந்த ஒன்றை வீட்டுப் பொருளாக மாற்றும் சடங்கு இது. கார்ப் பிரியன் சக்கரங்களை மாற்றுவதும், ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி வண்டியைத் தாழ்த்துவதும், சைலன்சரின் குரலை மாற்றுவதும் இந்த எலுமிச்சம்பழத்தின் தொடர்ச்சியே. பணம் கொடுத்த பிறகும் மிஞ்சி நிற்கும் அந்நியத்தன்மையைப் போக்கிக்கொள்ள அவன் முயல்கிறான். இதை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இந்த முயற்சியில் பெரும்பகுதி இன்னொரு வாங்கலாகவே முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கடைக்குக் கடை தயாராகத் தொங்குகிற ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, இது என் தனித்தன்மை என்று சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தனித்தன்மையையும் பண்டமாக்கி, அட்டைப் பெட்டியில் போட்டு விற்க முடிகிறது. லாக் சொன்ன உழைப்பு இங்கேயும் கலக்கவில்லை. பில்தான் இன்னொன்று சேர்ந்திருக்கிறது.

*

மாற்றுகிறவனுக்கு நேர் எதிரே நிற்பவன் அசல்வாதி. கம்பெனியிலிருந்து வந்தபடியே வண்டி இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. அதே பெயின்ட், அதே திருகாணி, அதே விளக்கு. பழைய கார்களைச் சேர்ப்பவர்களிடையே இவனுக்குத்தான் மரியாதை. மாற்றுகிறவனைப் பார்த்து இவன், பொருளுக்குத் துரோகம் செய்கிறாய் என்கிறான். ஒரு பொருளுக்குத் துரோகம் செய்ய முடியுமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். அசல் என்று இவன் சொல்வது எதை?

இங்கிலாந்தில் 1990இல் ஒரு நீதிமன்றம் இந்தக் கேள்வியைத் தீர்க்க வேண்டி வந்தது. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று அழைக்கப்பட்ட பென்ட்லி கார் பிரான்ஸின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929இலும் 1930இலும் வென்றது. பிறகு அதற்கு வேறு பெரிய எஞ்சின் பொருத்தப்பட்டது. 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் அது விபத்துக்குள்ளாகி ஓட்டியவர் இறந்தார். வண்டி திரும்பக் கட்டப்பட்டது, வேறு உடலோடு. பிறகும் பல கைகள் மாறின. பல பாகங்கள் மாறின. கடைசியில் அதை ஒரு கோடிப் பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் செய்த கம்பெனி, இது அந்த வண்டியே அல்ல என்று சொல்லிப் பணம் தர மறுத்தது. பாகம் பாகமாகப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 1929இல் ஓடிய வண்டியின் இரும்பு அதில் அநேகமாக எதுவும் மிச்சமில்லை.

பழைய கிரேக்கப் புதிர்தான் இது. தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள்; அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டையிட்டதாக புளூடார்க் எழுதியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் இந்தப் புதிரை மேலும் இறுக்கினார்: கழற்றிப்போட்ட பழைய பலகைகளை எல்லாம் ஒருவன் பத்திரப்படுத்தி வைத்து, அவற்றைக் கொண்டே இன்னொரு கப்பல் கட்டினால், எது தீசியஸின் கப்பல்?

நீதிபதி ஒரு வழியைக் கண்டார். இந்த வண்டி எந்தக் கட்டத்திலும் இல்லாமல் போய்விடவில்லை. அதன் வரலாறு அறுபடாமல் வந்திருக்கிறது. அந்தப் பெயருக்கு உரிமை கோரும் வேறு வண்டியும் இல்லை. எனவே இதுதான் ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று தீர்ப்பளித்தார். பாகங்களில் தேடிய அடையாளத்தை அவர் தொடர்ச்சியில் கண்டெடுத்தார். சட்டத்துக்கு இது போதுமானது. நமக்கு இதில் வேறொரு விஷயமும் கிடைக்கிறது. ஒரு பொருளின் அசல் தன்மை அதன் இரும்பில் இல்லை, அதன் கதையில் இருக்கிறது என்றால், அந்தக் கதையைப் பொய்யாக்குவதுதான் அதற்குச் செய்யக்கூடிய துரோகம். சற்று முன் ஒருபுறம் வைத்த கேள்விக்கு இதுவே என் பதில்.

நம் அம்பாஸிடரை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் 1950களின் கடைசியிலிருந்து 2014 மே மாதம் வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. அதன் அசல் என்று எதைச் சொல்வது? அது முதலிலேயே இன்னொன்றின் நகல். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டி. அங்கே அந்த வண்டி நின்றுபோன பிறகும் இங்கே ஓடியது. தொடக்கத்தில் ஒரு எஞ்சின், சீக்கிரமே அது போய் இன்னொன்று, பின்னால் டீசல், 1990களில் ஜப்பானின் இஸுஸு எஞ்சின். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியர் தரைக்கு இறங்கியது. வெளி உருவத்தின் உருண்டை மட்டும் பெரிதாக மாறவில்லை. இதில் எந்த வருஷத்து அம்பாஸிடரை அசல்வாதி அசல் என்பான்? கம்பெனியே மாற்றினால் அது வளர்ச்சி, சொந்தக்காரன் மாற்றினால் அது சிதைவு என்பதற்கு அவனிடம் காரணம் ஏதாவது உண்டா? தயாரித்தவனின் கையெழுத்துக்கு அவன் தரும் பக்தியைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

*

இதனால் மாற்றுகிறவன் ஜெயித்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கதைதான் அசல் என்றால், கதையில் தான் எழுதிய வரிக்கு அவன் பொறுப்பாகிறான்.

நம் மரபிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் காலத்தில் உத்தரவாயிற்று. சுவர்களைப் பிரிப்பதற்கு முன்னால் அவற்றில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். ராஜேந்திரன் காலத்தில் புதிய சுவரில் அவற்றைத் திரும்பப் பொறித்தார்கள். இப்படிச் செய்யப்பட்டது என்பதையும் பொறித்தார்கள். கோயில் மாறியது. அது மாறிய செய்தியும் கோயிலிலேயே இருந்தது. பிற்காலத்துத் திருப்பணிகளில் எத்தனை கல்வெட்டுகள் சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் அடியில் போயின என்று நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். இரண்டுமே மாற்றங்கள்தான். ஒன்றில் அடுத்து வருபவன் மதிக்கப்படுகிறான். மற்றதில் அவன் ஏமாற்றப்படுகிறான்.

பழைய கார் சந்தையில் இந்த இரண்டாவது வகை மலிந்து கிடக்கிறது. ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரைத் திருப்பிக் குறைத்து வைக்கிறார்கள். விபத்தில் நசுங்கிய பாகத்தை டிங்கர் வேலை செய்து, பெயின்ட் அடித்து, மோதாத வண்டி என்று விற்கிறார்கள். கவனித்துப் பார்த்தால் இங்கே விற்பவன் பேசுவது அசல்வாதியின் மொழியை. “சார், ஒரிஜினல் பெயின்ட், கை வைக்காத வண்டி.” அசல் என்ற மதிப்பு இருப்பதாலேயே இந்தப் பொய்க்கு விலை இருக்கிறது. போனெட்டைத் திறந்து, இது வேறு வண்டியின் எஞ்சின், இன்ன வருஷம் மாற்றினேன், ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறேன், இன்ன பட்டறையில் செய்தது என்று சொல்லுகிற டாக்ஸிக்காரன் இவனைவிட நேர்மையானவன். அவன் வண்டியில் கம்பெனி கொடுத்தது கூரையும் கதவும்தான் என்றாலும் அந்த வண்டியின் வரலாறு முழுசாக அவனிடம் இருக்கிறது. அடுத்தவனிடம் அதை அவன் ஒப்படைக்கவும் தயாராக இருக்கிறான்.

ஆக, ஒரு மாற்றத்தின் முதல் சோதனை இது: அடுத்துக் கைக்கொள்பவனிடம் இதைச் சொல்ல முடியுமா?

*

இந்தச் சோதனை மட்டும் போதாது. நேர்மையாகச் சொல்லப்பட்ட மாற்றமும் தீங்காக இருக்க முடியும்.

கியூபாவின் பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றி நம்மிடையே ஒரு பரவசம் உண்டு. 1959 புரட்சிக்குப் பிறகு, அமெரிக்கத் தடையால், புது வண்டியும் உதிரிப் பாகமும் வருவது நின்றது. சொந்தமாக வாங்கி விற்க 2011 வரை 1959க்கு முந்தைய கார்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. எனவே ஷெவ்ரலேயும் ஃபோர்டும் அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடின. வயிற்றுக்குள் சோவியத் வண்டியின் எஞ்சினையும் வேறு டீசல் எஞ்சினையும் வைத்துக்கொண்டு. பயணிகள் அதைப் புகைப்படம் எடுக்கிறார்கள். ஏழையின் கைத்திறனை வியக்கிற கட்டுரைகள் எழுதப்படுகின்றன. கைத்திறன் உண்மைதான். ஆனால் நிர்ப்பந்தத்தை அழகியலாக்குவது வசதியானவர்கள் செய்கிற வேலை. ஓட்டுகிறவனிடம் கேட்டால் அவன் ஒரு புது வண்டி கேட்பான்.

நம் ஊரிலும் பெட்ரோல் அம்பாஸிடரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை வைத்தது பிழைப்புக்காகத்தான். நாள் முழுக்க ஓடினால் கையில் என்ன மிஞ்சும் என்ற கணக்கு அது. இதை ரசனைக்காக எஞ்சின் மாற்றுகிறவனோடு ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது. அதே சமயம், நிர்ப்பந்தம் என்பதாலேயே எல்லாம் நியாயமாகிவிடுவதும் இல்லை. எஞ்சின் மாற்றுகிறவர்கள் அதோடு பிரேக்கையும் மாற்றுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பலமான எஞ்சின் வண்டியை வேகமாக ஓட வைக்கிறது. நிறுத்த வேண்டியது அதே பழைய டிரம் பிரேக். வேகத்தின் சுகம் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு. நிற்காத பிரேக்கின் விலை ரோட்டைக் கடக்கிறவனுக்கு.

‘என் வண்டி’ என்ற வாக்கியம் மறைப்பது இந்த மூன்றாம் மனிதனைத்தான். புத்தகத்தை நான் கிழித்தால் நஷ்டம் எனக்கு. காரின் விஷயம் வேறு. அது என் வீட்டில் நிற்கும்போது மட்டுமே முழுக்க என்னுடையது. தெருவுக்கு வந்ததும் அதில் எல்லோருக்கும் பங்கு வந்துவிடுகிறது. சைலன்சரைப் பிடுங்கியவனின் சுதந்திரத்தை ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தெருவே கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. கண்ணைக் குருடாக்கும் முகவிளக்கைப் பொருத்தியவனுக்கு எதிரே வருகிற சைக்கிள்காரன் தெரிகிறான். சைக்கிள்காரனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வண்டியின் முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பித் தடுப்பு மோதலில் பாதசாரிக்குக் கூடுதல் தீங்கு. வண்டிக்குள் இருப்பவர்களையும் அது காப்பதாகச் சொல்ல முடியாது, காற்றுப் பையின் உணர்விகளை அது குழப்பக்கூடும். 2017 டிசம்பரில் மத்திய அரசு இவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. பாதுகாப்புக்காக என்று சொல்லி வாங்கப்படும் பொருள் இது. யாருடைய பாதுகாப்பு என்று கடையில் யாரும் கேட்பதில்லை.

*

சட்டம் இதற்கு என்ன செய்திருக்கிறது? 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு முரண்படும் வகையில் சொந்தக்காரர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. மூன்றாம் மனிதனைக் காப்பது இதன் நோக்கம் என்ற அளவில் இதை எதிர்க்க என்னிடம் வாதம் இல்லை. என் சந்தேகம், எதை அளவுகோலாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதில். தயாரித்தவனின் வார்த்தையே நல்லதுக்கும் கெட்டதுக்கும் எல்லையாகிவிடுகிறது. அசல்வாதியின் பக்தி இங்கே சட்டமாகியிருக்கிறது.

தயாரித்தவன் அவ்வளவு நம்பத்தகுந்தவனா? 2015இல் ஃபோக்ஸ்வாகன் விவகாரம் வெளியே வந்தது. புகைச் சோதனை நடக்கிறது என்பதைக் கண்டுகொண்டு, அந்த நேரத்துக்கு மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் கணினி நிரல் அவர்களுடைய டீசல் கார்களில் இருந்தது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். பட்டறையில் ஒரு மெக்கானிக் செய்தால் நாம் மோசடி என்று சொல்லும் காரியம் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, அசல் என்று விற்பனைக்கு வந்தது. அந்தக் கார்களை ‘கம்பெனி கொடுத்தபடியே’ வைத்திருந்த யோக்கியர்கள் அனைவரும் தெரியாமலே அந்தப் பொய்யை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். கால்கள் இயங்காத ஒருவர் கார் ஓட்ட வேண்டுமானால் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் கைக்கு வர வேண்டும். கார் என்பது இரண்டு கால்களும் இரண்டு கைகளும் உள்ள ஒரு சராசரி உடலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பொருள். அந்தச் சராசரிக்குள் வராதவருக்கு மாற்றம் ஒரு அலங்காரமில்லை. அது இல்லாமல் அந்தப் பொருள் அவருக்குக் காரே இல்லை. மேலே சொன்ன சட்டத்தின் 2019 திருத்தம் இத்தகைய மாற்றத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. நான் இதை ஒரு விதிவிலக்காகப் பார்க்கவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டால் இதுதான் விதியாக இருந்திருக்கும். தயாரித்தவனிடமிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளப்பதற்குப் பதில், இந்த மாற்றத்தின் பலன் யாருக்கு, இதன் பாரம் யார் தலையில் என்று கேட்டால் போதும். கைப் பிரேக்கும் பிடுங்கிய சைலன்சரும் ஒரே பிரிவுக்குள் வந்து மாட்டிக்கொள்ளாது.

*

கடைசியாக, வைத்துக்கொண்டிருப்பது. இங்கேதான் நிலைமை நம் காலத்தில் அடியோடு மாறிவிட்டது.

2017 செப்டம்பரில் இர்மா புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை நெருங்கியது. ஜனங்கள் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். டெஸ்லா கம்பெனி, தான் விற்றிருந்த சில மின்சாரக் கார்களுக்குத் தொலைவிலிருந்தே ஒரு கட்டளை அனுப்பியது. அந்தக் கார்கள் திடீரென்று ஒரே சார்ஜில் முன்னைவிட அதிக தூரம் போக ஆரம்பித்தன. ரகசியம் இதுதான்: அவற்றில் இருந்தது 75 கிலோவாட் மணி பாட்டரி; வாங்கியவர்கள் குறைந்த விலை கொடுத்திருந்ததால் 60க்கு மேல் பயன்படுத்த முடியாதபடி கணினி நிரலால் பூட்டப்பட்டிருந்தது. புயலுக்காகப் பூட்டைத் திறந்தார்கள். சில நாள் கழித்துத் திரும்பப் பூட்டினார்கள்.

கம்பெனியை இதில் குற்றம் சொல்வது எளிதல்ல. அவர்கள் செய்தது உபகாரம். ஒப்பந்தமும் சுத்தமானது, 60க்குப் பணம் கொடுத்தவனுக்கு 60 கிடைத்தது. ஆனால் அந்த பாட்டரியின் முழு பாரத்தையும் அவன் தினமும் சுமந்து ஓட்டிக்கொண்டிருந்தான். தன் வண்டிக்குள் இருப்பது தனக்குக் கிடைக்க ஒரு புயல் வர வேண்டியிருந்தது. ஒருவனுடைய பொருளை வைத்தே அவனுக்கு இன்னொருவன் தானம் செய்ய முடியும் என்றால், அந்தப் பொருள் யாருடையது?

இது ஒரு தனி நிகழ்ச்சி அல்ல. 2015இல் அமெரிக்காவில் ஜான் டீர் என்ற ட்ராக்டர் கம்பெனி, ட்ராக்டரை வாங்குகிறவருக்கு அதை இயக்கும் நிரலின் மேல் கிடைப்பது வண்டியின் ஆயுள் வரை அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்று பதிப்புரிமை அலுவலகத்தின் முன் வாதாடியது. விவசாயி தன் ட்ராக்டரைத் தானே ரிப்பேர் செய்ய நிரலைத் திறந்தால் குற்றமா என்பது வரை அது போயிற்று. அந்த வருஷம் அக்டோபரில் ரிப்பேருக்கும் சட்டத்துக்கு உட்பட்ட மாற்றத்துக்கும் விலக்கு கொடுத்தார்கள். பி.எம்.டபிள்யூ 2022இல் சில நாடுகளில், காருக்குள் ஏற்கனவே பொருத்தப்பட்டிருந்த இருக்கைச் சூட்டுக்கு மாதக் கட்டணம் கேட்டது. எதிர்ப்பு வந்ததும் அடுத்த வருஷம் அதைக் கைவிட்டது.

நம் ஊரில் ஒத்திக்கு வீடு பிடிக்கிறவனுக்குத் தான் வீட்டுக்காரன் இல்லை என்று தெரியும். சுவரில் ஆணி அடிப்பதற்கு முன்னால் அவன் கேட்டுக்கொள்வான். காலம் முடிந்ததும் கொடுத்த பணம் திரும்பி வரும். இந்தப் புதிய காரில் ஒத்தியின் கட்டுப்பாடுகள் எல்லாம் இருக்கின்றன. பணம் மட்டும் திரும்பி வராது. பெயர் மட்டும் ‘சொந்தம்’.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது லேசானதும் அல்ல. பூட்டு இருப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். பிரேக்கை மாற்றாமல் எஞ்சினை மாற்றுகிறவனிடமிருந்து பாதசாரியைக் காப்பாற்ற, யாரும் எதையும் தொட முடியாத வண்டிதான் தீர்வு. நான் மேலே மூன்றாம் மனிதனுக்காகப் பேசினேன். அவனுக்காகவே இந்தப் பூட்டையும் ஏற்க வேண்டியதுதானே?

ஏற்கலாம், பொறுப்பும் பூட்டோடு சேர்ந்து கம்பெனியிடம் போகுமானால். போவதில்லை. விபத்து நடந்தால் போலீஸ் முதலில் பிடிப்பது ஓட்டியவனை. வண்டி பழுதானால் செலவு அவனுக்கு. அவன் திறந்து பார்க்க முடியாததற்கு, அவன் அறிந்துகொள்ள அனுமதிக்கப்படாததற்கு, அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகாரம் ஒரு இடத்தில், பொறுப்பு வேறொரு இடத்தில். இப்படிப் பிரிந்த பிறகு இரண்டு தரப்பிலும் பொய் வளர்கிறது. ஃபோக்ஸ்வாகனின் பொய் பூட்டிய நிரலுக்குள்தான் பல வருஷம் பத்திரமாக இருந்தது. திறந்து பார்க்கும் கைகள் இருந்திருந்தால் அது அத்தனை நாள் நீடித்திருக்குமா?

எனவே ‘என்’ என்ற சொல்லுக்கு நான் காணும் பொருள் இது: ஒரு பொருளுக்குள் என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்ள எனக்கு வழி இருந்து, அதற்கு நான் பதில் சொல்லவும் தயாராக இருந்தால், அந்த அளவுக்கு அது என்னுடையது. பதில் யாருக்கு? எனக்குப் பிறகு அதைக் கைக்கொள்பவனுக்கும், அதன் முன்னால் ரோட்டைக் கடக்கிறவனுக்கும். பணம் இந்த உறவைத் தொடங்கி வைக்கிறது. அதை நிறைவேற்றும் சக்தி பணத்துக்கு இல்லை. அந்த வகையில் காரின் அடியில் படுத்துக் கிடக்கும் மெக்கானிக், தவணையைக் கட்டி முடித்த முதலாளியைவிட அதிகமாக அந்தக் காரை உடையவன். அவனுக்கு ஆர்.சி. புத்தகத்தில் இடமில்லை என்பது வேறு விஷயம்.

அம்பாஸிடர் நின்று மூன்று வருஷம் ஆவதற்குள், 2017இல், அந்தப் பெயரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பிரான்ஸின் பியூஜோ குழுமத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றது. இங்கிலாந்து நீதிமன்றத்தில் பாகங்கள் எல்லாம் மாறிப்போன ஒரு வண்டி தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. இங்கே வண்டி எதுவும் இல்லாமல் பெயர் மட்டும் தனியாகக் கைமாறியது. வாங்கியவர்கள் சட்டப்படி அதன் உடைமையாளர்கள். ஆனால் பட்டறையில் நிற்கும் ஒரு பழைய அம்பாஸிடரின் கிளட்ச் ஏன் வழுக்குகிறது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் அல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் கையில் எண்ணெயோடு அங்கேயே நிற்கிறார்.